கை வைப்பதற்கு முன்: ஒருங்கிணைந்த சிகிச்சை மாணவர்களின் கிளினிக் பயிற்சி

அக்குபஞ்சர் ஊசியை வலிக்காமல் செருக ஒரு மாணவருக்குச் சில வாரப் பழக்கம் போதும். இறுகிக் கிடக்கும் முதுகுத் தசையைப் பிடித்துத் தளர்த்தும் பக்குவமும் சில மாதங்களில் கைக்கு வந்துவிடும். அப்படியிருக்க, இந்தப் படிப்புகளில் நூற்றுக்கணக்கான மணி நேரம் நோயாளிகளோடு உட்கார வைக்கிறார்களே, எதற்கு? புதிதாகச் சேருகிறவர்கள் பலருக்கும் எழும் கேள்வி இது. ஊசியை எந்த இடத்தில் போட வேண்டும் என்பதைப் பாடநூல் சொல்லிவிடும். எதிரே உட்கார்ந்திருக்கும் இந்த மனிதருக்கு இன்றைக்கு ஊசி போடலாமா, கூடாதா என்று முடிவெடுக்கக் கிளினிக்கில்தான் பழக வேண்டும். பயிற்சி நேரத்தின் பெரும்பகுதி அதற்குத்தான் செலவாகிறது.

ஒருங்கிணைந்த சிகிச்சை என்பது எது என்று முதலில் பார்த்துவிடுவோம். வழக்கமான மருத்துவ சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே, அதற்குத் துணையாக அக்குபஞ்சர், மசாஜ், யோகா சிகிச்சை, தியானம், மூச்சுப்பயிற்சி, உணவு ஆலோசனை போன்றவற்றை மருத்துவருக்கும் தெரிந்தே திட்டமிட்டுச் சேர்த்துக் கொடுப்பது. 'மருத்துவருக்கும் தெரிந்தே' என்பது இதில் முக்கியம். காலையில் மருத்துவமனைக்கும் மாலையில் மசாஜ் நிலையத்துக்கும் ஒருவர் போய்வருகிறார், இங்கே நடப்பது அங்கே தெரியாது என்றால், அவர் இரண்டு தனித்தனிச் சிகிச்சைகளை எடுத்துக்கொள்கிறார், அவ்வளவுதான். ஆகவே இந்தத் துறை மாணவர், தான் கற்கும் முறையோடு, மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று புரிந்துகொள்ளும் அளவுக்காவது உடலியலும் நோயியலும் மருந்தியலும் படித்தாக வேண்டும்.

சக மாணவரின் உடலில் தொடக்கம்

பயிற்சி நேராக நோயாளியிடம் தொடங்குவதில்லை. மாணவர் முதலில் தொட்டுப் பழகுவது பக்கத்து இருக்கைக்காரரின் உடலைத்தான். அதன் பயனை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம்.

அக்குபஞ்சரில் அடிக்கடி பயன்படும் 'வயிறு 36' (வயிற்றின் பெயரால் அழைக்கப்படும் தடத்தின் 36ஆவது புள்ளி) காலில் இருக்கிறது. முழங்கால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு பள்ளம் தட்டுப்படும். அங்கிருந்து மூன்று 'சுன்' கீழே இறங்கி, கீழ்க்கால் முன்னெலும்பின் விளிம்பிலிருந்து ஒரு விரல் அகலம் வெளியே தள்ளினால் புள்ளி. சுன் என்பது சென்டிமீட்டரைப் போல நிலையான அளவு அல்ல. நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தால் வரும் அகலம் மூன்று சுன். யாருடைய விரல்கள்? நோயாளியுடைய விரல்கள். புதிய மாணவர் பெரும்பாலும் தன் விரல்களை வைத்தே அளந்துவிடுகிறார். பெரிய கைகள் கொண்ட ஒருவர், சிறிய உடல்வாகுள்ள பெண்ணின் காலில் அப்படி அளந்தால் புள்ளி எங்கோ கீழே போய்விடும். வரைபடத்தை எத்தனை முறை பார்த்தாலும் மனதில் பதியாத இந்த விஷயம், நெட்டையான ஒருவருக்கும் குட்டையான ஒருவருக்கும் அடுத்தடுத்து அளந்து பார்த்தால் ஒரே வகுப்பில் பதிந்துவிடும்.

சிகிச்சையைப் பெற்றுக்கொள்வதும் ஒரு பாடம். குளிர்ந்த கை முதுகில் படும்போது உடல் எப்படிச் சுருங்குகிறது, குப்புறப் படுத்தபடி இருபது நிமிடம் கடப்பது கழுத்துக்கு எவ்வளவு சிரமம் என்பதெல்லாம் மேசையில் படுத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். ஆனால் சக மாணவரிடம் கற்பதற்கு ஓர் எல்லை உண்டு. அவர் பெரும்பாலும் இளைஞர், ஆரோக்கியமானவர், அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தவர், வலித்தாலும் நட்புக்காகப் பொறுத்துக்கொள்பவர். நிஜ நோயாளிக்கு இந்த நான்கில் ஒன்றும் பொருந்தாமல் போகலாம்.

இந்த இடைவெளியை நிரப்ப மருத்துவக் கல்வி கண்டுபிடித்த வழி, பயிற்றுவிக்கப்பட்ட 'போலி நோயாளி'. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் 1963இல் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இதைத் தொடங்கிவைத்தார். ஒருவருக்கு நோயின் கதை, வலியின் தன்மை, எந்தக் கேள்வி கேட்டால் மட்டும் எதைச் சொல்ல வேண்டும் என்பது வரை சொல்லிக்கொடுத்து, நோயாளியைப் போலவே நடிக்கச் செய்வார்கள். மாணவர் தடுமாறினாலும் யாருக்கும் ஆபத்தில்லை. முடிந்ததும் அந்த நடிகரே, "நான் அழத் தொடங்கியபோது நீங்கள் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். எந்த ஆசிரியரின் விமர்சனத்தைவிடவும் இது மாணவருக்குச் சுருக்கென்று படுகிறது.

அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990இல் வரைந்த பிரமிடு ஒன்றை மருத்துவக் கல்வியில் அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அடித்தளத்தில் 'தெரியும்', அதற்கு மேல் 'எப்படிச் செய்வது என்று தெரியும்', அதற்கும் மேல் 'செய்து காட்டுகிறார்', உச்சியில் 'அன்றாடம் செய்கிறார்'. எழுத்துத் தேர்வு கீழ் இரண்டு படிகளை மட்டுமே அளக்கும். போலி நோயாளி மூன்றாம் படி. நான்காம் படிக்குக் கிளினிக்கை விட்டால் வேறு வழியில்லை.

ஒரு சந்திப்பு எப்படி நடக்கிறது

கிளினிக்கில் முதல் சில வாரங்கள் வேடிக்கை பார்ப்பதுதான் வேலை. நல்ல மேற்பார்வையாளர் அதையும் சும்மா விடமாட்டார். நோயாளி எந்தக் கேள்விக்குத் தயங்கினார், நாற்காலியிலிருந்து எழும்போது எந்தக் கையை ஊன்றினார் என்று குறித்துவரச் சொல்வார். பிறகு மாணவர் பாதி வேலையைச் செய்வார். பிறகு முழுவதையும் மேற்பார்வையாளரின் கண் முன்னே செய்வார். கடைசியில், அவர் பக்கத்து அறையில் இருக்க, மாணவர் தனியாக.

சந்திப்பின் முதல் பகுதி கேட்பது. 1984இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இன்றும் பேசப்படுகிறது: நோயாளி தன் பிரச்சினையைச் சொல்லத் தொடங்கிச் சராசரியாக 18 விநாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிட்டார். ஒருங்கிணைந்த சிகிச்சைக்காரர்கள் தங்களை நிதானமாகக் கேட்பவர்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. உரையாடலைப் பதிவு செய்து மாணவரையே கேட்கச் சொன்னால் அந்தப் பெருமை கொஞ்சம் ஆட்டம் காணும்.

அடுத்து, என்னென்ன மருந்துகள் சாப்பிடுகிறார் என்று கேட்பது. கடையில் தானாக வாங்கிய மூலிகை மாத்திரைகளும் இதில் சேர்த்தி. மூலிகையை மருந்தாகவே நினைக்காததால் பலர் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். மனச்சோர்வுக்காக எடுத்துக்கொள்ளப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை முடுக்கிவிடுகிறது. விளைவாக, கருத்தடை மாத்திரையின் பலன் குறையலாம். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவரின் உடலில், புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். "மருந்து ஏதும் எடுக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்ட மாணவருக்கு இது தெரியவே வராது.

பிறகு ஆபத்து அறிகுறிகளைத் தேடுவது. முதுகுவலியோடு வருபவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஆபத்தான காரணம் எதுவும் இருப்பதில்லை. அரிதாக ஒருவருக்கு இருக்கும். அவரை அடையாளம் காணச் சங்கடமான கேள்விகளைக் கேட்டாக வேண்டும்: பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போயிருக்கிறதா, சிறுநீர் வராமல் அடைபடுகிறதா, அல்லது அடக்க முடியாமல் போகிறதா, இரண்டு கால்களும் பலவீனமாக இருக்கின்றனவா? இவை தண்டுவடத்தின் கீழ்முனை நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறிகள். உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய அவசரநிலை. முன்பு புற்றுநோய் இருந்ததா, காரணமில்லாமல் எடை குறைகிறதா, காய்ச்சல் உண்டா என்பவையும் இந்தப் பட்டியலில் வரும். கேள்விகளை மனப்பாடம் செய்வது சுலபம். முன்பின் தெரியாத ஒருவரிடம் முகம் சிவக்காமல், அவரையும் சங்கடப்படுத்தாமல் கேட்கத்தான் பத்துப் பதினைந்து நோயாளிகள் தேவைப்படுகிறார்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு மாணவர் வெளியே வந்து, மேற்பார்வையாளரிடம் மூன்று நான்கு நிமிடங்களில் சுருக்கிச் சொல்ல வேண்டும். அதுவரை நோயாளியின் மேல் கை வைக்கக் கூடாது. என்னைக் கேட்டால், முழுப் பயிற்சியிலும் மதிப்புமிக்க நிமிடங்கள் இவைதான்.

இப்படி வைத்துக்கொள்வோம். நாற்பதுகளில் இருக்கும் ஒரு பெண், இடது கெண்டைக்காலில் நான்கு நாளாக வலி என்று மசாஜ் சிகிச்சைக்கு வருகிறார். "நீண்ட விமானப் பயணம் முடித்து வந்திருக்கிறார், மேடம். நடந்தால் வலி கூடுகிறது. தசைப்பிடிப்பு என்று நினைக்கிறேன். கெண்டைக்காலில் ஆழமாக அழுத்தி மசாஜ் செய்யலாமா?" என்கிறார் மாணவர்.

"இரண்டு கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை. வலிக்கும் காலை மட்டும்தான் பார்த்திருந்தார். இருவரும் உள்ளே போகிறார்கள். இடது கால் சற்று வீங்கி, தொட்டால் சூடாக இருக்கிறது. மேற்பார்வையாளர் அளவு நாடாவை மாணவரிடம் நீட்டுகிறார். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் தட்டுப்படும் மேட்டிலிருந்து பத்து சென்டிமீட்டர் இறங்கி இரண்டு கால்களையும் சுற்றி அளக்கச் சொல்கிறார். வித்தியாசம் மூன்று சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. காலின் ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்திருக்குமோ என்று சந்தேகிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல்களில் இதுவும் ஒன்று. அந்தக் காலை அழுத்திப் பிசைந்தால் உறைகட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளக்கூடும். அன்று மாணவர் செய்யும் சிகிச்சை, ஒரு தொலைபேசி அழைப்பும் மருத்துவமனைக்கு ஒரு கடிதமும்தான். பயிற்சிப் பதிவேட்டில் அதையும் ஒரு முழுச் சந்திப்பாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் கல்லூரியே நல்ல கல்லூரி. செய்த மசாஜ்களை மட்டும் எண்ணும் கல்லூரி, கை வைக்கும்படி மாணவரைத் தூண்டிவிடுகிறது.

தொடுவதற்கு ஒப்புதல்

படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் ஒப்புதல் முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. நடைமுறையில் அது சந்திப்பு முழுவதும் நீடிக்கிறது. எங்கே தொடப் போகிறோம், எதற்காக, எந்த உடையைத் தளர்த்த வேண்டியிருக்கும் என்பதைத் தொடுவதற்கு முன்பே, நோயாளி உடையோடு உட்கார்ந்திருக்கும்போதே சொல்ல வேண்டும். சிகிச்சை நடக்கும் பகுதியைத் தவிர மற்ற இடமெல்லாம் துணியால் மூடியிருக்க வேண்டும். நோயாளி "சரி" என்று வாயால் சொன்னாலும் தோள்பட்டை விறைத்து, மூச்சு நின்று போனால் அந்தச் 'சரி' உண்மையான சரி அல்ல. கையை எடுத்துவிட்டு மறுபடி கேட்க வேண்டும். இன்னொன்று: தான் மாணவர் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். "எனக்கு அனுபவமுள்ளவரே பார்க்கட்டும்" என்று நோயாளி சொன்னால் அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. அது அவருடைய உரிமை.

ஊசி எண்ணிக்கை முதல் கண் அழுத்தம் வரை

பாதுகாப்புப் பழக்கங்களை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. அவை சலிப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்பச் செய்து பழக வேண்டியவை. கிருமிநாசினியால் கை தேய்க்க 20 முதல் 30 விநாடி, சோப்பு என்றால் 40 முதல் 60 விநாடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அக்குபஞ்சர் ஊசி கிருமிநீக்கப்பட்டதாக, ஒரே ஒரு முறை பயன்படுத்துவதாக இருக்க வேண்டும். போட்ட ஊசிகளை எண்ணிக் குறித்து, எடுக்கும்போது மறுபடி எண்ண வேண்டும். முடிக்குள் மறைந்த ஒரு ஊசியோடு நோயாளி வீட்டுக்குப் போய்விடுவது நடக்கக்கூடியதே. முதன்முறை வருபவரைப் படுக்க வைத்தே ஊசி போடுவது நல்லது, சிலர் மயங்கிவிடுவார்கள். தோள்மேட்டில் ஊசி போடும்போது அடியில் நுரையீரலின் உச்சி இருப்பதை மறக்கக் கூடாது. ஆழம் தவறினால் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்துவிடும்.

யோகாவில் ஆபத்தே இல்லை என்ற எண்ணமும் கிளினிக்கில்தான் கரைகிறது. தலைகீழ் ஆசனங்கள் கண்ணுக்குள் அழுத்தத்தை உயர்த்துவதால் கிளாகோமா (கண் நரம்பைப் பாதிக்கும் கண் அழுத்த நோய்) உள்ளவர்களுக்கு அவை ஆகாது. எலும்பு அடர்த்திக் குறைவு (ஆஸ்டியோபோரோசிஸ்) முற்றியவர் முதுகை வளைத்து முன்குனிந்தால் முதுகெலும்பு நொறுங்கக்கூடும். வந்தவரிடம் இதையெல்லாம் கேட்காமல் பாய் விரிக்கக் கூடாது.

குணமானது எதனால்?

மாணவரின் நான்காவது நோயாளிக்கு முதுகுவலி. மூன்று முறை சிகிச்சை, வலி போய்விட்டது, நோயாளி கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்கிறார். அன்று மாணவருக்கு ஏற்படும் நம்பிக்கை சாதாரணமானது அல்ல. ஆனால் நிதானமாக யோசிக்க வேண்டியதும் அன்றுதான். திடீரென வரும் முதுகுவலி, எதுவும் செய்யாவிட்டாலும் பலருக்குச் சில வாரங்களில் குறைந்துவிடும். தவிர, வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆட்கள் சிகிச்சைக்கு வருகிறார்கள். உச்சத்திலிருந்து அது இறங்கத்தானே செய்யும்! அக்கறையாக ஒருவர் கேட்டார், தொட்டார் என்பதே வலியைக் குறைக்கும். சிகிச்சையின் பங்கு இவற்றுக்கு மேல் எவ்வளவு என்பது ஒரே ஒரு நோயாளியை வைத்துச் சொல்ல முடியாத விஷயம். இந்தப் பணிவைக் கற்றுக்கொடுக்காத பயிற்சி, தன் கையில் ஏதோ மகிமை இருப்பதாக நம்பும் சிகிச்சையாளர்களைத்தான் உருவாக்கும்.

இதனால்தான் பதிவுகளுக்கு இவ்வளவு முக்கியத்துவம். லாரன்ஸ் வீட் என்ற மருத்துவர் 1960களில் உருவாக்கிய முறையை ஒட்டி, குறிப்பை நான்கு பகுதியாக எழுதுவார்கள்: நோயாளி சொன்னது, நாம் பார்த்து அளந்தது, நம் கணிப்பு, அடுத்த திட்டம். புதிய மாணவர்களின் குறிப்பில் முதல் இரண்டும் கலந்துபோகும். "வலி குறைந்துவிட்டது" என்பது அளந்ததா, நோயாளி சொன்னதா? மேற்பார்வையாளர் சிவப்பு மையால் வட்டமிடும் இடம் பெரும்பாலும் இதுதான்.

மாற்றத்தை அளக்க ஓர் எளிய கருவி உண்டு. சார்லட் பேட்டர்சன் 1996இல் வெளியிட்ட, 'மைமாப்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் படிவம். தன்னை மிகவும் தொந்தரவு செய்யும் ஒன்றிரண்டு அறிகுறிகளையும், அவற்றால் செய்ய முடியாமல் போன ஒரு காரியத்தையும் நோயாளியே தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை மதிப்பெண் போடுவார். முழங்கால்வலிக்காரர் எழுதும் காரியம் 'பேத்தியைத் தூக்கிக்கொண்டு படி ஏறுவது' என்று இருக்கலாம். சிகிச்சைக்குப் பின் முழங்கால் இன்னும் சில பாகை கூடுதலாக மடங்கலாம். படி ஏற முடியவில்லை என்றால் அந்த வரியில் மதிப்பெண் அப்படியே நிற்கும்.

வார்டில் மற்றவர்களோடு

புற்றுநோய் வார்டில் பயிற்சி எடுக்கும்போது ஒருங்கிணைப்பு என்பதன் நடைமுறை கண்ணுக்குத் தெரியும். குமட்டலுக்கு உள்மணிக்கட்டில் ஒரு புள்ளி இருக்கிறது: மணிக்கட்டு மடிப்பிலிருந்து இரண்டு சுன் மேலே, இரு தசைநாண்களுக்கு நடுவே. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய குமட்டலை இந்த இடத்தைத் தூண்டுவது குறைக்கிறது என்பதற்கு ஆய்வுச் சான்றுகளும் உண்டு. ஆனால் கீமோதெரபி எடுப்பவருக்கு ஊசி போடுவதற்கு முன் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்க வேண்டும். தட்டணுக்கள் மிகக் குறைந்திருந்தால் இரத்தக்கசிவு. வெள்ளணுக்கள் குறைந்திருந்தால் தொற்று. அப்போது ஊசியைத் தவிர்த்து விரலால் அழுத்துவதோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று செவிலியரிடமும் மருத்துவரிடமும் கேட்க வேண்டும்.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிகளிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்த முறை அது: இப்போது என்ன நிலைமை, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், என்ன செய்யப் பரிந்துரைக்கிறேன். நான்கே வாக்கியம். மருத்துவருக்கு எழுதும் கடிதத்தில் தன் முறையின் தத்துவத்தை விளக்கத் தொடங்கும் மாணவரின் கடிதம் பாதியிலேயே மூடப்படும்.

மணிக்கணக்கும் சேரும் முன் கேட்க வேண்டியதும்

உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட பயிற்சி வரையறைகளின்படி, இயற்கை மருத்துவத்துக்குக் குறைந்தது 1500 மணி நேரப் படிப்பு. அதில் 400 மணி நேரமாவது மேற்பார்வையின் கீழ் கிளினிக் பயிற்சி. எலும்பையும் தசையையும் கையால் சீர்செய்யும் முறையான ஆஸ்டியோபதிக்கு, முன்பே மருத்துவத் துறைப் படிப்பு இல்லாதவர்கள் 4200 மணி நேரம் படிக்க வேண்டும். அதில் கிளினிக் பயிற்சி குறைந்தது 1000 மணி நேரம். நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். இணையவழியில் சில வார இறுதிகளில் சான்றிதழ் தருவதாகச் சொல்பவர்களை எடைபோட இந்த எண்கள் உதவும்.

மணிக்கணக்கை மட்டும் நம்பிவிடவும் கூடாது. நோயாளியே வராத கிளினிக்கில் உட்கார்ந்து கழித்ததும் மணி நேரம்தான். சேருவதற்கு முன் கல்லூரியில் கேளுங்கள்: ஒரே நேரத்தில் ஒரு மேற்பார்வையாளரின் பொறுப்பில் எத்தனை மாணவர்கள்? அவர் அறைக்குள் இருப்பாரா, கையெழுத்து மட்டும் போடுவாரா? எந்த வயதினர், எந்த நோயாளிகள் வருகிறார்கள்? தேர்வு எப்படி? ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் 1975இல் அறிமுகப்படுத்திய முறையில், மாணவர் வரிசையாக அமைந்த பல மேசைகளுக்கு மாறிமாறிச் சென்று, ஒவ்வொன்றிலும் சில நிமிடங்களில் ஒரு காரியத்தைச் செய்து காட்டுவார். எல்லோருக்கும் ஒரே காரியம், ஒரே மதிப்பெண் பட்டியல். அப்படியொரு தேர்வு இருக்கிறதா, அல்லது ஆசிரியரின் பொதுவான அபிப்பிராயம்தான் மதிப்பெண்ணா என்று விசாரியுங்கள்.

முடிந்தால் மூத்த மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். கடைசியாக எந்த நோயாளிக்குச் சிகிச்சை தராமல் மருத்துவரிடம் அனுப்பினீர்கள், ஏன் என்று கேட்டுப் பாருங்கள். உடனே விவரமாகச் சொல்லத் தொடங்கினால் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளலாம். அப்படி ஒருவர்கூட வந்ததில்லை என்றால், அடுத்த கல்லூரியைப் போய்ப் பாருங்கள்.